மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பத்து நிமிடம்

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மெல்லிய உறுமல் கேட்கிறது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, திரையில் இரண்டு எழுத்தைக் காட்டி விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியது. சர்வீஸுக்குச் சொன்னோம். மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். மூடியைக் கழற்றவில்லை, பின்பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை. இரண்டு பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, “போர்டு போயிருச்சுங்க. ஏழாயிரத்துக்கு மேல ஆகும். மெஷினும் பழசாச்சு, எக்ஸ்சேஞ்சுல போட்டுருங்க” என்றார். வந்து பார்த்ததற்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிரவு மனம் கேட்காமல், பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, மெஷினுக்குத் தண்ணீர் வரும் ஹோஸைத் திருகிக் கழற்றினேன். ஹோஸ் மாட்டும் வாய்க்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கிறது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் கையோடு வந்தது. வலைக்கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. போர் தண்ணீரோடு வந்த மணலும் உப்புப் பொருக்கும் அப்பி, அடைபோல இறுகிக் கிடந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். தண்ணீர் கொட்டியது. மொத்தம் ஏழு நிமிட வேலை.

பிறகு பீரோவைத் துழாவி மெஷினோடு வந்த கையேட்டை எடுத்தேன். ஆறு வருடமாக உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. திரையில் வந்த அந்த இரண்டு எழுத்துக்கும் அதில் பொருள் போட்டிருந்தார்கள்: தண்ணீர் வரவில்லை. குழாய் திறந்திருக்கிறதா பாருங்கள், வலையைக் கழுவுங்கள் என்று படத்தோடு விளக்கமும் இருந்தது. மெஷின் தன் குறையைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

வீட்டுச் சாமானும் போனும் கணினியும் தருகிற அன்றாடத் தொல்லைகளில் பெரும்பகுதி பழுதே அல்ல என்பது என் அனுபவம். எங்கோ அடைத்திருக்கும், அழுக்கேறியிருக்கும், ஒரு இணைப்பு தளர்ந்திருக்கும். உள்ளே இருக்கும் பாகம் செத்துப்போவது கடைசியில்தான். ஆனால் நாம் அந்தக் கடைசியில் இருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறோம். பணம் போகிறது, நல்ல பொருள் குப்பைக்குப் போகிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சாமான்கள் எளியவர் வீட்டுக்குள் வந்த கதை நமக்குத் தெரியும். 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011-இல் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. மாணவர்களுக்கு மடிக்கணினியும் அதே ஆண்டில் வந்தது. பொருள் வந்த வேகத்தில், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்ற அறிவு வந்து சேரவில்லை. இத்தனைக்கும் இது ஜி.டி. நாயுடு பிறந்த மண். வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் திரும்பப் பூட்டிக் கற்றுக்கொண்டவர் அவர். பெரிய படிப்பு எதுவும் அவரிடம் இல்லை.

எங்கே நிற்கிறது?

பழுது பார்ப்பது என்றாலே கழற்றுவதுதான் என்று நினைக்கிறோம். தேர்ந்த மெக்கானிக்கைக் கூர்ந்து கவனியுங்கள். அவர் கை ஸ்க்ரூடிரைவருக்குப் போக நேரமாகும். கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்பதைத்தான் முதலில் தேடுவார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி மதகிலிருந்து வரப்போடு நடந்து வருவார். ஈரம் எங்கே முடிகிறதோ அங்கேதான் உடைப்போ அடைப்போ இருக்கும். வீட்டுச் சாமானுக்கும் அதே நடைதான்.

மழைக்காலத்து ராத்திரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது, பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. மெயின் பெட்டியைத் திறந்தால், மற்றவற்றைவிட அகலமான ஒரு சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். அதன் முகத்தில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொடிப் பட்டன் இருக்கும். ஆர்.சி.சி.பி. என்பது அதுதான். பழகிய எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒரே அளவா என்று நொடிதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்கோ கசிந்தாலும், அந்தக் கசிவு ஒரு மனித உடல் வழியாகவும் இருக்கலாம் என்பதால், தன்னைத்தானே தட்டிவிட்டுக்கொள்ளும்.

அதைத் தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. என்ன செய்வது? கீழே வரிசையாக இருக்கும் எம்.சி.பி. என்ற சின்னச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அகலச் சுவிட்சைத் தூக்குங்கள். நின்றால் நல்லது. இப்போது எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். மூன்றாவதை ஏற்றும்போது தட்டிவிட்டால் கசிவு அந்த வரிசையில். அந்த வரிசையில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, திரும்ப ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கீசரோ, தண்ணீர் மோட்டாரோ, மழை நனைக்கிற பால்கனி பிளக்கோ அகப்படும். சில வீடுகளில் எம்.சி.பி. எல்லாம் இறங்கியிருந்தும் அகலச் சுவிட்ச் நிற்காது. நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டால் அப்படி ஆகும், எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. அப்போது பிளக்குகளைத்தான் முதலில் பிடுங்க வேண்டும்.

கண்டுபிடித்ததோடு நம் வேலை முடிந்தது. கீசரைத் திறக்க வேண்டாம். “வீட்ல கரண்ட் நிக்க மாட்டேங்குது, வந்து பாருங்க” என்று சொல்வதற்கும், “கீசரப் போட்டா மட்டும் டிரிப் ஆகுதுண்ணே” என்று சொல்வதற்கும் எலெக்ட்ரீஷியனின் அரை நாள் வித்தியாசம் இருக்கிறது. அந்த அரை நாளுக்கான கூலியும் நம்முடையது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடிக்கடி விழுகிறதே என்ற எரிச்சலில் ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடியாகக் கம்பியை இணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது வீட்டில் இருப்பவர்களின் உயிரைப் பணயம் வைப்பது.

கோவில்பட்டியில் இருக்கும் அத்தை மாதம் ஒருமுறையாவது போன் செய்வார். “ஏய்யா, டிவியில நோ சிக்னல்னு எழுதி வருதுய்யா. கேபிள்காரருக்கும் போன் போட்டேன், எடுக்க மாட்டேங்காரு.” டிவி அந்த எழுத்தைக் காட்டுகிறது என்றாலே டிவி நன்றாக இருக்கிறது என்று பொருள். செட்டாப் பாக்ஸ் ஓடுகிறதா? அதன் விளக்கு எரிகிறதென்றால், ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பட்டன் தவறிப்போய் அழுந்தியிருக்கும். டிவி வேறு வாசலில் காத்துக்கொண்டிருக்கும். படம் இந்த வாசலில் வந்து நிற்கும். அந்தப் பட்டனைத் திரும்ப அழுத்தி எச்.டி.எம்.ஐ.க்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. அத்தை வீட்டுக்குப் போனபோது அந்தப் பட்டன் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு அத்தையே பார்த்துக்கொள்கிறார்.

ரிமோட் வேலை செய்யவில்லையா, டிவி ஏற்கவில்லையா என்ற குழப்பத்துக்கும் ஒரு வழி உண்டு. ரிமோட்டின் நெற்றியில் உள்ள சின்ன பல்பு உமிழும் அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவுக்குத் தெரியும். செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு எதிரே நீட்டி பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா வெளிச்சம் மினுக்கினால் ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறது. மினுக்கவில்லையென்றால் பேட்டரியை மாற்றுங்கள், பேட்டரி உட்காரும் சுருள்கம்பியில் பச்சை பூத்திருந்தால் அழி ரப்பரால் தேயுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

வருடம் போகப் போகச் சோர்ந்துபோகும் ஃபேன்

சீலிங் ஃபேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் ஃபேன் ஓயாத வீடு கிடையாது. அதைப்போல அநியாயமாகத் தூக்கி எறியப்படும் பொருளும் இல்லை.

வாங்கியபோது காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஐந்தாறு வருடத்தில் ஐந்தாம் நம்பரில் வைத்தாலும் இலை அசைவதுபோல் சுற்றும். காயில் போய்விட்டது, ரீவைண்டிங் செய்ய வேண்டும் என்பார்கள். காரணம் அநேகமாக மேலே கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கும் கெப்பாசிட்டர். நம் வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் கரண்டுக்கு மோட்டாரைத் தானாகச் சுற்றத் தொடங்க வைக்கும் திறன் இல்லை. அது முன்னும் பின்னும் உலுக்குமே தவிர, ஒரு பக்கமாகத் தள்ளாது. இரண்டாவதாக ஒரு காயிலை வைத்து, அதற்குப் போகும் கரண்டைக் கெப்பாசிட்டர் வழியாகச் சற்றே முந்தவிட்டால், இரண்டும் சேர்ந்து சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன.

இந்தக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். மின்னழுத்தம் எகிறும்போது அந்தத் தாளில் ஊசித் துளை விழும். உடனே சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி அந்தப் புண்ணைத் தனிமைப்படுத்திவிடும். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் அமைப்பு. ஒவ்வொரு முறை ஆறும்போதும் பூச்சின் பரப்பு கொஞ்சம் குறைகிறது. இப்படி வருடக்கணக்கில் குறைந்துதான் 2.5 மைக்ரோஃபாரட் இருந்தது ஒன்றரைக்கு வந்துவிடுகிறது. ஃபேன் ஒரே நாளில் கெடாமல் மெல்ல மெல்லச் சோர்வதன் ரகசியம் அதுதான்.

சோதனை எளிது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ‘ம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கிறது, ஒட்டடைக் கம்பால் இறக்கையை லேசாகத் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது என்றால் கெப்பாசிட்டர்தான். எல்லா எண்ணிலும் மெதுவாகச் சுற்றினாலும் அதையே சந்தேகிக்கலாம். இரண்டாம், மூன்றாம் எண்ணில் மட்டும் கோளாறு என்றால் ரெகுலேட்டரைப் பாருங்கள். பழையதில் அச்சிட்டிருக்கும் எண்ணையே கடையில் காட்டி வாங்க வேண்டும். 48 அங்குல ஃபேன்கள் பெரும்பாலானவற்றில் 2.5 இருக்கும், சிலவற்றில் 3.15. ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டு விலைதான் ஆகும். காற்று இன்னும் வேகமாக வரட்டும் என்று பெரிய எண்ணாகப் போட்டால் காயில் சூடாகிக் கருகும்.

மாற்றுவதற்கு முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நம் வீடுகளில் பேஸுக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியில் சுவிட்ச் போட்டுவைத்த வயரிங் எத்தனையோ இருக்கிறது. சுவிட்ச் அணைந்திருந்தும் ஃபேனில் கரண்ட் காத்திருக்கும். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, கிண்ணத்தை இறக்கியதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று பிறகு தேட வேண்டாம். கெப்பாசிட்டரின் இரண்டு நுனியையும் வெறுங்கையால் சேர்த்துத் தொடாதீர்கள். ஏணியில் நிற்கப் பயமாக இருக்கிறதென்றால் தெரு முனை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, “கெப்பாசிட்டர் மட்டும் மாத்திக் கொடுங்க” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை தெரிந்திருப்பதே ரீவைண்டிங் செலவை மிச்சமாக்கும். ரிமோட்டோடு வரும் புதிய பி.எல்.டி.சி. ஃபேன்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. 75 வாட் வேலையை 30 வாட் சுமாரில் முடிக்கும் அவற்றுக்குள் மின்னணு போர்டு இருக்கிறது. அவற்றைக் கம்பெனி ஆளிடமே விட்டுவிடுங்கள்.

சமையலறைக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படாது. இட்லி மாவையோ தேங்காயையோ அரைக்கும்போது மிக்ஸி சட்டென்று நின்றால் அது சாகவில்லை. அடியில் திருப்பிப் பாருங்கள், சிவப்புப் பட்டன் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பளுவும் சூடும் அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது துள்ளும். பிளக்கை எடுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, உள்ளே அழுத்தினால் போதும். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் ஜாருக்கு அடியில் உள்ள கப்ளர் தேய்ந்திருக்கும். ஃப்ரிஜ்ஜில் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதா? பின்சுவரில் கீழே ஒரு துளை உண்டு. கொத்தமல்லித் தழையோ கறிவேப்பிலையோ அதை அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, வளையக்கூடிய மெல்லிய குழாயால் குத்திவிட்டால் வடிந்துவிடும். ஏசி உள்ளே சொட்டினால், வெளியே தொங்கும் வடிகுழாயின் நுனியைப் பாருங்கள். நம் ஊரில் குளவி அங்கே மண்கூடு கட்டிவிடும். போர் மோட்டார் ஓடவில்லை என்றால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு நசுங்கிக் கிடக்கும் என்பது எந்தக் கிராமத்து எலெக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த விஷயம். பிளக்கில் மாட்டிய மிக்ஸி அல்ல அது. லைன் கரண்ட் நேரே வரும் பெட்டி. அதைத் திறப்பது அவர் வேலையாகவே இருக்கட்டும்.

அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது?

கணினியும் போனும் மக்கர் செய்தால் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்பதை ஏதோ மந்திரம் போலச் சொல்கிறோம். அதற்குப் பின்னால் திடமான காரணம் இருக்கிறது. ஒரு மென்பொருள் ஓட ஓட நினைவகத்தில் இடம் பிடிக்கும். வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். எழுதியவர் எங்கோ ஒரு வரியில் மறந்திருந்தால் அந்த இடம் திரும்பாது. கணக்கு வைக்கும் எண்களும் நிரம்பி வழியும். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. மின்சாரத்தைத் துண்டிக்காமல் 248 நாள் தொடர்ந்து இயக்கினால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவியில் உள்ள ஒரு எண்ணி நிரம்பி, விமானத்தின் மின்சாரமே நின்றுபோகலாம் என்பது தெரியவந்தது. உடனடித் தீர்வாக அவர்கள் சொன்னது, அந்தக் கெடுவுக்குள் மின்சாரத்தை அணைத்துப் போடுவது. விமானத்துக்கே அதுதான் மருந்து என்றால் நம் வீட்டு ரவுட்டர் எம்மாத்திரம்!

ஆனால் விண்டோஸ் கணினியில் ஒரு நுட்பம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பல கணினிகள் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் விழிக்க வேண்டும் என்பதற்காக உள்மையத்தின் நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றன. குழப்பமும் சேர்ந்தே பத்திரமாகிவிடுகிறது. தினமும் அணைத்துத் திறந்தும் தொல்லை தீரவில்லை என்று சொல்பவர்கள் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பாருங்கள். அது மையத்தைப் புதிதாக எழுப்புகிறது.

அப்படியும் போகாத கோளாறுக்கு ‘சேஃப் மோடு’. அவசியமானவை மட்டும் ஓடும் நிலை அது. ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலானவற்றில் பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் ‘பவர் ஆஃப்’ என்பதை விரலால் அழுத்திப் பிடித்தால் கேட்கும். நாம் இறக்கிய செயலிகள் எல்லாம் அப்போது தூங்கும். போன் இப்போது ஒழுங்காக ஓடுகிறது, சூடாகவில்லை, விளம்பரம் குதிக்கவில்லை என்றால் குற்றவாளி நாமே இறக்கிய செயலிகளில் ஒன்று. கடைசியாக எதைச் சேர்த்தோமோ அதிலிருந்து நீக்கிக்கொண்டே வர வேண்டும். எம்.சி.பி.யை இறக்கி ஒவ்வொன்றாக ஏற்றியதும் இதுவும் ஒரே வேலைதான்.

2024 ஜூலை 19 அன்று உலகமே இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மீட்பு எப்படி நடந்தது? ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழித்தார்கள்.

போன் தொல்லைகளில் இரண்டுதான் அடிக்கடி வருபவை. ஒன்று, சார்ஜ் ஏறவில்லை என்பது. சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடந்து, சார்ஜர் துளைக்குள் பஞ்சு சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை ஒயரைச் செருகும்போதும் அதை நாமே உள்ளே தள்ளி இறுக்குகிறோம். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறினால் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை வெளியே வரும். குண்டூசி வேண்டாம்; உள்ளே உள்ள பொடிக் கம்பிகள் மடங்கிவிடும்.

இன்னொன்று, இடமில்லை என்பது. காலை வணக்கப் படங்கள் இந்தியர்களின் போன்களை எப்படித் திணறடிக்கின்றன என்று கூகுள் ஆராய்ந்து கண்டதை 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தியாகவே வெளியிட்டது. அதற்குச் சற்று முன் டெல்லியில் கூகுள் வெளியிட்ட ஃபைல்ஸ் செயலி, இத்தகைய குப்பையைக் கூட்டித் தள்ளத்தான். வாட்ஸ்அப்பிலேயே செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போனால் எந்தக் குழு எவ்வளவு இடம் தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். கல்யாண வீட்டுக் குழு ஒன்றே பல ஜி.பி.யை அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே தானாக இறங்குவதையும் நிறுத்திவையுங்கள்.

நெட் மெதுவாக இருந்தால் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ மேலோ இருந்தால் அதை உயரமான திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். நம் கான்கிரீட் சுவர்கள் அலையைக் குடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டாது. ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் எதையும் அணைத்துப் போட வேண்டாம். ஒளி வரவில்லை, வெளியே எங்கோ கேபிள் அறுந்திருக்கலாம். புகார் கொடுப்பதுதான் வழி.

தேடக்கூடாத எண்

கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். ஃப்ரிஜ்ஜுக்கும் வங்கிக்கும் டி.டி.எச்.சுக்கும் போலி எண்களைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கும் கும்பல்கள் உண்டு. நாமே கூப்பிடுகிறோம் என்பதால் சந்தேகமும் எழாது. “ஒரு சின்ன ஆப் போடுங்க சார், இங்கிருந்தே சரி பண்ணிடறேன்” என்பார்கள். அது நம் திரையை அவர்கள் பார்க்கும் செயலி. அடுத்து புகாரைப் பதிவு செய்யப் பத்து ரூபாய் அனுப்பச் சொல்வார்கள். கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் அவர்கள் கண்முன்னே ஓடும். சரியான எண் பொருளின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ, பில்லிலோ, கையேட்டிலோ இருக்கும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

நாம் என்னதான் முயன்றாலும் தயாரிப்பவர்கள் கதவை அடைத்துவிட்டால் பயனில்லை. பேட்டரியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். உதிரி பாகம் கேட்டால், “அந்த மாடல் நிறுத்தியாச்சு” என்கிறார்கள். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், போனும் மின்னணுப் பொருட்களும், வீட்டு உபயோகச் சாமான்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அதில் சேர்த்தார்கள். ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் ஏற்பாட்டைப் பரிந்துரைத்து 2025-இல் ஒரு குழு அறிக்கையும் தந்திருக்கிறது. பிரான்ஸில் 2021 முதலே அந்த மதிப்பெண் கடையில் விலையோடு சேர்ந்து நிற்கிறது. இங்கே இணையதளத்தோடு நிற்காமல் சட்டமாக வர வேண்டும். உதிரி பாகம் தர மறுத்தால், வாரண்டியில் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம்.

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்து, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றி வந்தால் ரிமோட் ரப்பரில் இருந்து லேப்டாப் கீல் வரை கிடைக்கும். பழைய லேப்டாப் ஆமையாக ஊர்கிறது என்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள். அதைப்போல் உயிர் கொடுக்கும் மாற்றம் வேறில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்காத கணினிகளைத் தூக்கிப் போடாமல், இலவசமான லினக்ஸ் போட்டுப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். 2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது கால்வாசிகூட இல்லை, 22.3 சதவீதம்தான்.

கை வைக்கக் கூடாத இடம்

இவ்வளவு சொன்ன பிறகு, தொடக்கூடாதவற்றையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். மைக்ரோவேவ் அவனின் மூடியைத் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைப்பது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைக் கொல்லும். எல்.இ.டி. டிவி, கணினியின் பவர் சப்ளை ஆகியவற்றின் உள்ளே 230 வோல்ட், 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி நிற்கும். போன் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் சார்ஜ் போடுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். குத்துவதும் அழுத்தி மூடுவதும் தீயை அழைப்பதற்குச் சமம். இப்போது வரும் ஃப்ரிஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ தீப்பிடிக்கும் வாயு. அதனால் ஐஸைப் பெயர்க்கக் கத்தியை எடுக்கக் கூடாது.

பலருக்கும் தெரியாத ஆபத்து இன்வெர்ட்டர். பத்து, பதினைந்து வருடத்துக்கு முன் மின்வெட்டு வாட்டிய காலத்தில் நம் வீடுகளுக்குள் அது வந்தது. இன்றும் படிக்கட்டுக்கு அடியில் ஓசையின்றி ஓடுகிறது. மெயினை இறக்கியதும் அது என்ன நினைக்கும்? கரண்ட் போய்விட்டது என்றுதான். உடனே தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே ஃபேனுக்கும் லைட்டுக்கும் அனுப்பும். மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஏணி ஏறியவர் அந்தக் கம்பியில்தான் கை வைப்பார். ஃபேனைத் தொடும் முன் இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சில் அணைக்க வேண்டும். அதன்பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்தே தொட வேண்டும்.

வாஷிங் மெஷின் வலையை ஞாயிற்றுக்கிழமை கழுவிக்கொள்ளலாம். இதை மட்டும் இன்று ராத்திரியே செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும், படிக்கிற பெண் பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் சேர்த்து, மெயின் பெட்டிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். எது மெயின், எது இன்வெர்ட்டர் சுவிட்ச் என்று காட்டி, ஒவ்வொருவரையும் ஒருமுறை தங்கள் கையாலேயே இறக்கி ஏற்றச் சொல்லுங்கள்.